கர்ப்பத்தில் வைட்டமின் டி குறைவு: மாடிப்படி ஏறத் தொடை மறுக்கிறதா?

கேள்வி: எனக்கு 27 வயது. தலைப்பிரசவம், இப்போது 23 வாரம். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 9 நானோகிராம் என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. டாக்டர் வாரம் ஒரு 60,000 யூனிட் மாத்திரையும், கால்சியமும், இரும்புச்சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். இணையத்தில் தேடினால் ஆட்டிசம், ரத்தக்கொதிப்பு, குழந்தைக்குக் கால் வளைந்துவிடும் என்றெல்லாம் வருகிறது. முடி கொட்டுகிறது. இடுப்பு வலிக்கிறது. ராத்திரியில் கெண்டைக்கால் இழுக்கிறது. ‘ஆறு லட்சம் ஊசி ஒன்று போட்டால் தீர்ந்தது’ என்கிறார் நாத்தனார். துபாயிலிருந்து மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையும் அனுப்பியிருக்கிறார். மாமியார் காலை இளவெயிலில் உட்காரச் சொல்கிறார். ஒரு மாதமாகத் தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. மாடி ஏறக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. அது வயிறு பெருத்ததால்தானே?

பதில்: தெரியாமல் இருந்துவிட்டோமே, பிள்ளைக்குக் கேடு வந்துவிட்டதோ என்பதுதான் உங்கள் கடிதத்தின் அடியில் இருக்கும் கேள்வி. ஒன்பது என்ற ஓர் எண்ணை வைத்து அப்படி யாரும் சொல்ல முடியாது. வயிற்றிலிருக்கும் குழந்தை தன் எலும்புக்காக மொத்தம் எடுத்துக்கொள்வது சுமார் 30 கிராம் கால்சியம். அதில் பெரும்பங்கு கடைசி மூன்று மாதத்தில்தான் போகிறது. நீங்கள் இன்னும் அந்தக் கட்டத்துக்கே வரவில்லை. கர்ப்பத்தில் தாயின் குடல் உணவிலிருந்து ஏறக்குறைய இருமடங்கு கால்சியத்தை உறிஞ்சும். அதுவும் போதாவிட்டால் உங்கள் எலும்பிலிருந்து கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிடும். குழந்தை தன் பங்கை வாங்கிக்கொள்ளும். கடன் உங்கள் எலும்புக் கணக்கில் ஏறும். ஆகவே இப்போது நான் கவலைப்படுவது உங்களைப் பற்றி.

ஆட்டிசம் விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். டி குறைவாக இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் இது சற்று அதிகம் தென்பட்டதாகச் சில ஆய்வுகள் சொல்லும். சேர்ந்து தென்படுவது வேறு, ஒன்று மற்றொன்றை உண்டாக்குவது வேறு. குறைவுதான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ராத்திரி ஒரு மணிக்குக் கைப்பேசியில் படித்ததற்கெல்லாம் பதில் எழுத எனக்கு இடமில்லை. ரத்தக்கொதிப்புக்கு டி அளவைப் பார்த்துப் பயன் இல்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் பிரஷர் பார்க்கிறார்களா என்று பாருங்கள். முடி கொட்டுவதை இதில் சேர்க்க வேண்டாம். ராத்திரியில் கெண்டைக்கால் இழுப்பது கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு இருக்கும். படுக்கும் முன் சுவரில் கையை ஊன்றிக் குதிகாலைத் தரையில் அழுத்திக் கெண்டைச் சதையை நீட்டிவிடுங்கள்.

கடைசி வரிக்கு வருகிறேன். கடிதத்தின் முதல் வரியாக இருந்திருக்க வேண்டியது அது.

23 வாரத்தில் கருப்பையின் மேல்விளிம்பு தொப்புளுக்குச் சற்று மேலேதான் நிற்கும். அந்தக் கனத்துக்குத் தரையிலிருந்து எழ முடியாமல் போகாது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுக்க வேண்டியிருக்கிறது என்றால் தொடையும் இடுப்பும் சேரும் இடத்துப் பெரிய தசைகள் தளர்ந்திருக்கின்றன என்று சந்தேகப்பட வேண்டும். வைட்டமின் டி வெகுவாக, நெடுநாள் குறைந்தால் முதலில் அடிபடுவது இந்தத் தசைகள்தான். கூடவே எலும்பில் சுண்ணாம்புச் சத்து படியாமல் அது மென்மையாகிப்போயிருக்கலாம்.

வலியால் எழ முடியவில்லையா, பலம் இல்லாமல் எழ முடியவில்லையா என்று வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாம். கைவைக்காத நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போடுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். இரு கையையும் மார்பின் குறுக்கே மடக்கிக்கொண்டு எழுந்து பாருங்கள். எழும்போது அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்க எலும்பில் சுரீர் என்கிறது, படுக்கையில் புரண்டால், காலை அகட்டினால் அதிகமாகிறது, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துவிட முடிகிறது என்றால் அது இடுப்பெலும்பு மூட்டு தளர்ந்ததால் வரும் வலி. கர்ப்பத்தில் சகஜம். வலி பெரிதாக இல்லை, ஆனால் பாதி எழுந்து மறுபடி தொப்பென்று உட்கார்ந்துவிடுகிறீர்கள், அல்லது முன்னும் பின்னும் ஆடித்தான் எழ வருகிறது என்றால் அது பலவீனம். நடக்கும்போது வாத்து போல் இரு பக்கமும் அசைகிறீர்கள் என்று கணவர் கிண்டல் செய்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் கட்டை விரலால் அழுத்தினால் சுருக்கென்று வலிக்கிறதா என்பதும் முக்கியம்.

பலவீனம்தான் என்றால் அடுத்த மாதச் செக்கப் வரை காத்திருக்காதீர்கள், இந்த வாரமே போங்கள். வாயைச் சுற்றி எறும்பு ஊர்வது போல் இருந்தால், விரல் நுனிகள் மரத்தால், கைவிரல்கள் தாமாக ஒன்றுசேர்ந்து கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கி மணிக்கட்டு வளைந்துகொண்டால் அன்றைக்கே போக வேண்டும். பிரஷர் பார்க்கக் கையில் கட்டும் பட்டையை இறுக்கியபோது கை இப்படி மடங்கிக்கொண்டதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ரத்தத்தில் கால்சியம் இறங்கியதற்கு அது பழைய, நம்பகமான அடையாளம். இந்த நிலையில் மாத்திரை போதாது. ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே நரம்பு வழியாக மெதுவாகக் கால்சியம் ஏற்ற வேண்டும். விட்டால் வலிப்பு வரலாம். கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் காரணம் எதுவாக இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுவது ஒன்றுதான் வேலை.

வெறும் டி அளவை மட்டும் திரும்பப் பார்ப்பதில் அர்த்தமில்லை. கால்சியம், ஆல்புமின், பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியம், கிரியாட்டினின், பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தைராய்டும் சேரட்டும், அதன் குறைவும் இதே தொடைத் தசைகளைத் தளர்த்தும். கால்சியத்தில் ஒரு பங்கு ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு ஒட்டியிருக்கும்; கர்ப்பத்தில் அந்தப் புரதம் இறங்குவதால் மொத்தக் கால்சியமும் சற்று இறங்கித்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் எதோடும் ஒட்டாத அயனைஸ்டு கால்சியத்தைப் பார்ப்பார்கள். எலும்பு பாதித்தால் ஏறும் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி எகிறியிருந்தால் மறுபடி இணையத்துக்கு ஓட வேண்டாம். கர்ப்பம் முற்ற முற்ற நஞ்சுக்கொடியே அதை உற்பத்தி செய்யும். வலிப்பு மாத்திரையோ காசநோய் மாத்திரையோ எப்போதாவது சாப்பிட்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அவற்றில் சில, உடம்பிலுள்ள டி-யைக் கரைத்துத் தள்ளிவிடும்.

இனி நாத்தனாரின் வைத்தியம். ஆறு லட்சம் யூனிட் ஊசியைக் கர்ப்பத்தில் போட வேண்டாம். உடலின் கொழுப்பில் போய்த் தங்கி மாதக்கணக்கில் கசியும். கால்சியம் எக்கச்சக்கமாக ஏறிவிட்டால் உள்ளே போனதைத் திரும்ப எடுக்க வழியில்லை. மாத்திரை என்றால் நாளைக்கே நிறுத்தலாம். மீன் ஈரல் எண்ணெயில் டி இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் வைட்டமின் ஏ-யும் ஏராளமாக இருக்கிறது. அது அதிகமானால் கருவுக்கு ஆகாது. அந்த டப்பாவை மூடி வையுங்கள்.

உங்கள் டாக்டர் எழுதிய வாரம் ஒன்று சரியான முறைதான். அவர் சொன்ன வாரங்களோடு நிறுத்திவிட வேண்டும்; பிறகு பிரசவம் வரை தினம் 1,000 முதல் 2,000 யூனிட் போதும். டாக்டர் கண்காணிப்பில்லாமல் நீங்களாகத் தினம் 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. இதில் அடிக்கடி நடக்கும் தவறு, வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று எடுத்துக்கொள்வது. மாத்திரை அட்டையில் நான்கோ எட்டோதான் இருக்கும், தீர்ந்ததும் கடையில் இன்னொரு அட்டை வாங்கிக்கொள்வார்கள். பத்தே நாளில் ஆறு லட்சம் உள்ளே போய்விடும். நின்றுபோன வாந்தி திரும்புவது, தீராத தாகம், ஓயாமல் சிறுநீர், மலச்சிக்கல் என்று வரும். ஒவ்வொன்றும் கர்ப்பத்திலேயே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டோடு என்று வைத்துக்கொண்டு காலண்டரில் கிழமையைச் சுழித்துவிடுங்கள். கொழுப்பில் கரையும் சத்து என்பதால், நெய்யோ எண்ணெயோ இருக்கும் சாப்பாட்டோடுதான் நன்றாக உறிஞ்சப்படும்.

வீட்டிலிருக்கும் எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி, பின்பக்கத்தைப் படியுங்கள். கால்சியம் மாத்திரையிலேயே டி இருக்கும். சத்து மாவு டப்பாவிலும் இருக்கலாம். எல்லாவற்றையும் கூட்டி ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். ‘கால்சிட்ரியால் 0.25 மைக்ரோகிராம்’ என்று போட்டிருந்தால் அது வேறு சரக்கு. ஏற்கெனவே செயல்படும் வடிவில் உள்ள டி என்பதால் உடம்பின் டி சேமிப்பை நிரப்பாது, கால்சியத்தை மட்டும் விரைவாக ஏற்றும். டாக்டர் குறிப்பாக எழுதியிருந்தாலொழிய வேண்டாம்.

அரசுத் திட்டத்தில் 14 வாரம் முதல் பிரசவத்துக்குப் பின் 6 மாதம் வரை தினம் இரண்டு கால்சியம் மாத்திரை கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் கால்சியமும் 250 யூனிட் டி-யும் உண்டு. இதைக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாப்பிட்ட பிறகு. இரும்புச்சத்து மாத்திரை ராத்திரிக்கு. இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் கால்சியம் இரும்பை உறிஞ்சவிடாது; குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை இருந்தால் நான்கு மணி நேரம். ‘எல்லாத்தையும் ராத்திரி ஒரே வாயில் போட்டுக்கறேன்’ என்பவர்களுக்குத்தான் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் நகராது.

மாமியார் சொல்லும் இளவெயில் இதமாக இருக்கும், டி மட்டும் தராது. அதைத் தோலில் உண்டாக்கும் புற ஊதாக் கதிர் சூரியன் மேலே ஏறிய பிறகுதான் தரைக்கு வந்து சேரும். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 10 முதல் 3 வரை. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் அந்தக் கதிர் வராது. நம் தோல் நிறத்துக்கு, கை கால் திறந்திருக்க, அரை மணி நேரமாவது வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு கர்ப்பிணியை அப்படி நிறுத்தி மயக்கம் போட வைக்க எனக்கு விருப்பமில்லை. ஒன்பதுக்கு மாத்திரைதான், வெயில் துணைக்கு. உணவாலும் இதை ஈடுகட்ட முடியாது. முட்டை மஞ்சள் கருவில் சுமார் 40 யூனிட்தான் இருக்கும். கேழ்வரகில் கால்சியம் தாராளம், டி இல்லை. கூழும் களியும் அதற்காகச் சாப்பிடுங்கள்.

மறுபரிசோதனை மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதம் கழித்து. அதற்கு முன் பார்த்தால் காசுதான் போகும். சில லேப்களில் அலகு மாறி நானோமோல் என்று வரும், அதை 2.5-ஆல் வகுத்தால் உங்கள் பழைய கணக்குக்கு வந்துவிடும். 20 நானோகிராமைத் தாண்டினால் எனக்குத் திருப்தி. 30-க்குக் கீழே எல்லாவற்றையும் லேப் சிவப்பில்தான் அச்சடிக்கும், அதற்காக மாத்திரையைக் கூட்டிக்கொள்ளாதீர்கள்.

பிள்ளைக்காக நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பிரசவத்தன்று குழந்தை மருத்துவரிடம், ‘எனக்கு டி 9 இருந்தது’ என்று சொல்லிவிடுங்கள். தாய்க்கு மிகவும் குறைந்திருந்தால், பிறந்த குழந்தைக்கு அரிதாகக் கால்சியம் இறங்கி வலிப்பு வரலாம். முன்கூட்டியே தெரிந்தால் பார்த்துக்கொள்வார்கள். தாய்ப்பாலில் டி சொற்பம்தான். அதனால் பிறந்ததிலிருந்து ஒரு வயது வரை தினம் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்க வேண்டும். அந்தச் சொட்டு மருந்து ஒரு மில்லியில் 400 யூனிட் என்றும் கிடைக்கிறது, 800 என்றும் கிடைக்கிறது. கடைக்காரர் அடுத்த முறை வேறு கம்பெனி பாட்டிலைக் கொடுத்தால் லேபிளைப் படித்து, 400 யூனிட்டுக்கு எத்தனை மில்லி என்று கணக்குப் பார்த்து, பாட்டிலின் மேல் பேனாவால் பெரிதாக எழுதி வையுங்கள்.