210 மணி நேரம் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். விமானியாக இருந்த ஆண்டுகளைப் பற்றி நீங்கள் இத்தளத்தில் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நான் வணிக விமானி உரிமம் பெற்று எட்டு மாதங்கள் ஆகின்றன. இரட்டை எஞ்சின் தகுதியும், கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ரூமென்ட் தகுதியும் உண்டு. மொத்தம் 210 மணி நேரம் பறந்திருக்கிறேன். அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தேன். பெரும்பாலானவற்றிலிருந்து பதிலே இல்லை. பதில் எழுதிய சிலர் அனுபவத்தோடு வரச் சொல்கிறார்கள். வேலை கிடைத்தால்தானே அனுபவம் கிடைக்கும்? சொந்தச் செலவில் ஏர்பஸ் ஏ320 விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதியை, அதாவது டைப் ரேட்டிங்கை, எடுத்துவிடும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். பணம் கட்டினால் கோ-பைலட் அமரும் வலது இருக்கையில் 500 மணி நேரம் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. நான் படித்த பள்ளியிலேயே பயிற்றுநராகச் சேரவும் ஒரு வழி இருக்கிறது. ஆனால் அது பின்னோக்கிப் போவதாகத் தோன்றுகிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தில் இருக்கும் 210 என்ற எண்ணிலிருந்தே தொடங்குகிறேன். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வணிக விமானி உரிமத்துக்கு வகுத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 200 மணி நேரம். அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியில் படித்தவர்களுக்கு 150. ஆகவே ஆள் எடுக்கும் தலைமை விமானிக்கு உங்கள் 210 சொல்வது, இவர் பயிற்சியை முடித்துவிட்டார் என்ற ஒரு செய்தியை மட்டுமே. அதில் பெரும்பகுதி ஆசிரியர் பக்கத்தில் அமர்ந்திருந்தபோதோ, அவர் பார்த்து ஒப்புக்கொண்ட வானிலையில், அவர் சரிபார்த்த பாதையில் தனியாகச் சென்றபோதோ சேர்ந்தது என்பது அவருக்குத் தெரியும். அவருடைய முதல் 210 மணி நேரமும் அப்படித்தான் சேர்ந்தது. மேற்பார்வைக்கு யாரும் இல்லாத ஒரு பிற்பகலில், பயணி அவசரப்படுத்த, மேகம் தாழ இறங்கிக்கொண்டிருக்க, நீங்கள் என்ன முடிவெடுப்பீர்கள் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. அதற்கான பதில் எந்த விண்ணப்பத்திலும் இருப்பதில்லை. அவரே சம்மதித்தாலும், சிறு நிறுவனங்களில், விமானத்துக்குக் காப்பீடு கொடுத்தவர்கள் இத்தனை மணி நேரத்துக்குக் குறைந்தவர் ஓட்டக்கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். தங்களுக்குக் கதவு திறக்காததற்கு இந்த வரம்புதான் காரணம் என்பது புதியவர்கள் பலருக்குத் தெரிவதே இல்லை.

இதனால்தான் முதல் வேலை பெரும்பாலும் நம்மை ஏற்கெனவே பார்த்திருக்கும் ஒருவரிடமிருந்து வருகிறது. நானும் கட்டுக்கட்டாக விண்ணப்பம் அனுப்பியவன்தான். எனக்கு முதல் வேலை கொடுத்தவர், பாராசூட்டில் குதிப்பவர்களை மேலே கொண்டுசென்று இறக்கிவிடும் தொழிலை ஒற்றை எஞ்சின் விமானங்கள் இரண்டை வைத்து நடத்திவந்தார். நான் மணிக்கணக்கில் விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டிய அதே சிறிய விமானத் தளத்தில்தான் அவருடைய விமானக் கொட்டகையான ஹேங்கரும் இருந்தது. விடுமுறை நாட்களில் அங்கே சென்று, விமானங்களைத் தள்ளவும் எரிபொருள் நிரப்பவும் கை கொடுப்பேன். ஒரு நாள் வாடகைப் பணம் கட்டி, எஞ்சின் சோதனையும் முடித்து, ஓடுபாதையின் முனைவரை சென்ற பிறகு, பக்கவாட்டுக் காற்று வீசும் விதம் பிடிக்காமல் விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டேன். உடனிருந்த நண்பர்கள் கேலி செய்தார்கள். இரண்டு மாதம் கழித்து அவருடைய விமானி வேறு வேலைக்குச் சென்றபோது, அவர் என்னைக் கூப்பிட்டுத் தன்னுடன் ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார். இறங்கிய பின் என் தரையிறக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தக் காற்றடித்த நாளைப் பற்றித்தான் கேட்டார்.

இத்தகைய சிறு வேலைகள் பலவகை. எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்களை இழுத்து மேலேற்றுவது, விளம்பரப் பதாகை இழுப்பது, நில அளவைக்காகப் படமெடுப்பது, எண்ணெய்க் குழாய்களையும் மின்தடங்களையும் மேலிருந்து கண்காணிப்பது என்று அவை நீளும். பாராசூட் வேலையில் ஒரே நாளில் பல முறை பத்தாயிரம் அடிக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். குதிப்பவர்கள் கதவருகே குழுமும்போது எடைமையம் பின்னால் நகர்வதைக் கை உணரும். எஞ்சின் திடீரெனக் குளிர்ந்துவிடாதபடி கீழே இறங்கப் பழக வேண்டும். நில அளவையில் மணிக்கணக்காக ஒரே உயரத்தில் கோடு போட்டதுபோல் பறக்க வேண்டும், அதன் அலுப்பைத் தாங்குவதும் ஒரு தேர்ச்சிதான். பயிருக்கு மருந்து தெளிப்பதை மட்டும் முதல் வேலையாக நினைக்காதீர்கள். தரையை ஒட்டிப் பறக்கும் அந்த வேலைக்குத் தனிப் பயிற்சியும் நீண்ட பழக்கமும் வேண்டும்.

இனி, பயிற்றுநர் வேலை பின்னோக்கிப் போவது என்ற உங்கள் எண்ணத்துக்கு வருகிறேன். இதில் நான் உங்களோடு முழுமையாக மாறுபடுகிறேன். பல நாடுகளில் புதிய விமானிகளுக்குச் சம்பளத்தோடு எளிதில் கிடைக்கும் முதல் வேலை இதுவாகவே இருக்கிறது. பயிற்றுநராகப் பறக்கும் நேரம் விமானத் தலைவராகப் பறந்த நேரமாகக் கணக்கில் சேரும். ஆனால் அந்தக் கணக்கை விடப் பெரிதாக நான் கருதுவது வேறொன்று. நீங்கள் இதுவரை செய்த தவறுகள் உங்களுடையவை மட்டுமே. பயிற்றுநராக அமர்ந்தால், தரையிறங்கும் கடைசி நொடியில் விமானத்தின் மூக்கை மிகச் சீக்கிரம் தூக்குபவர், மிகத் தாமதமாகத் தூக்குபவர், தூக்கவே மறந்து உறைந்துபோகிறவர் என்று ஒவ்வொருவரின் தவறும் உங்கள் கண்முன்னே விரியும். எந்தத் தவறை அவரே திருத்திக்கொள்ளும்வரை விட்டுவைக்கலாம், எந்த நொடியில் கட்டுப்பாட்டை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதைத் தினமும் பலமுறை தீர்மானிப்பீர்கள். பிற்காலத்தில் கேப்டனாக அமர்ந்து புதிய கோ-பைலட்டின் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்யப்போகும் வேலையும் இதுவே. செயல்பாட்டில் தெளிவாகத் தெரியும் பலவற்றை வாயால் விளக்க முற்படும்போதுதான், இறக்கை தன் தூக்கும் விசையை இழக்கும் ஸ்டால் ஏன் நிகழ்கிறது என்பது நமக்கே பாதிதான் புரிந்திருந்தது என்று தெரியவரும். இதற்கெனத் தனித் தகுதியும் தேர்வும் உண்டு. தொடக்கத்தில் மூத்த பயிற்றுநரின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டியிருக்கும். வெறும் மணிநேரம் சேர்க்க வந்தவரை மாணவர்கள் ஒரே வாரத்தில் கண்டுகொள்வார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏ320 டைப் ரேட்டிங் அந்த விமான வகைக்கு மட்டுமே செல்லும். பல நாடுகளில் அதை ஆண்டுதோறும் சோதனைப் பறப்பு மூலம் புதுப்பிக்க வேண்டும். வேலை உறுதியாகாமல் அதை எடுப்பவர், அந்த விமானத்தை ஓட்டாமலேயே, விமானத்தைப் போலவே இயங்கும் பயிற்சிக் கருவியான சிமுலேட்டரில் கற்றதை மறந்துகொண்டிருப்பார். எழுத்து மூலமான வேலை உறுதி கையில் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பணம் கட்டி வலது இருக்கையில் அமரும் திட்டத்தைத் தவிர்த்துவிடுங்கள். உங்கள் 500 மணி நேரம் முடிந்ததும் அந்த இருக்கை அடுத்துப் பணம் கட்டுபவருக்குப் போகும். உங்களை வைத்துக்கொள்வதால் அந்த நிறுவனத்துக்கு இழப்புதான். நிறுவனமே பயிற்சி கொடுத்து, சில ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்று ஒப்பந்தம் கேட்பது வேறு விஷயம். இடையில் விலகினால் திருப்பித் தரவேண்டிய தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடலாம்.

பறந்த நேரத்தைப் பதியும் ஏடான லாக்புக் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன். மணி நேரம் போதாதபோது, பறக்காத நேரத்தையும் பேனாவால் எழுதிச் சேர்க்கும் ஆசை சிலருக்கு வரும். விமானத்தின் சொந்தப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் அது பிடிபடும். தேர்வில் தோற்றிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகருக்கருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407 பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். ஸ்டால் எச்சரிக்கை வந்தபோது கேப்டன் மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதிலாக மேலே இழுத்தார். அவர் தன் முந்தைய தேர்வுத் தோல்விகள் அனைத்தையும் வேலை விண்ணப்பத்தில் தெரிவித்திருக்கவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. அந்த விபத்துக்குப் பிறகே அமெரிக்கப் பயணிகள் விமான நிறுவனங்களில் கோ-பைலட்டுக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்ற விதி 2013-இல் நடைமுறைக்கு வந்தது. அன்று அந்த விமானத்தை ஓட்டிய இருவருக்குமே 1,500-க்கும் மிக அதிகமான மணி நேரம் இருந்தது என்பதையும் சேர்த்தே யோசியுங்கள். நேர்காணலில் தோல்வியைப் பற்றிக் கேட்டால், எதில் தவறினேன், அதன்பின் எப்படிப் பயின்றேன் என்று இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டு நிறுத்துவதே நல்லது. ஆசிரியர் மீது பழி போடும் பதிலை அவர்கள் நிறையக் கேட்டிருப்பார்கள்.

சிமுலேட்டர் தேர்வு இருந்தால், ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டுக் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கச் சொல்வார்கள். பழக்கமில்லாத விமானம் என்று பதற வேண்டாம். இந்த வேகத்துக்கு மூக்கு இவ்வளவு, பவர் இவ்வளவு என்ற சில எண்களை முன்பே கேட்டு மனப்பாடம் செய்துகொண்டால் பாதி பாரம் குறையும். தவறு செய்துவிட்டால் அதை வாய்விட்டுச் சொல்லித் திருத்துங்கள். அவர்கள் உங்கள் கையோடு சேர்த்து, பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதையும் குறித்துக்கொள்வார்கள்.

உரிமம் பெற்று எட்டு மாதங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எட்டு மாதங்களில் எத்தனை முறை பறந்தீர்கள் என்று எழுதவில்லை. பள்ளிக்குச் சென்று தலைமைப் பயிற்றுநரைப் பார்க்கும் நாளில் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அதற்கு முன் மாதம் ஒரு மணி நேரமாவது பறந்திருங்கள். இன்ஸ்ட்ரூமென்ட் தகுதியின் கெடு எப்போது முடிகிறது என்றும் இன்றே பார்த்துவிடுங்கள்.

அன்புடன்