பிரான்சு கிராமப்புறத்தில் வாகனத் தொல்லை இல்லாமல் சைக்கிளில் சுற்ற எங்கே தொடங்கலாம்?

நீங்களும் உங்கள் மனைவியும் வருகிறீர்கள், கையில் ஒரு வாரம் இருக்கிறது, நெடுந்தூரம் ஓட்டிப் பழக்கமில்லை, பின்னால் லாரிச் சத்தம் கேட்டாலே அவருக்குக் கை நடுங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். கிழக்குப் பிரான்சில் உள்ள தெற்கு பர்கண்டிக்குப் போங்கள். பழைய ரயில் தடத்தின்மேல் போட்ட சைக்கிள் பாதை ஒன்று அங்கே இருக்கிறது. லியோனில் வசிக்கும் நான் அந்தப் பாதையில் நான்கு முறை போயிருக்கிறேன். ஐந்தாவது முறையும் போவேன்.

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானோர் லுவார் நதிக்கரையைச் சொல்வார்கள். அது சுமார் 900 கி.மீ. நீளம், வழி நெடுக அரண்மனைகள், நல்ல பாதைதான். ஆனால் அதில் பல பகுதிகள் சின்னச் சாலைகளில் கார்களோடு சேர்ந்தே போகின்றன, கோடை விடுமுறையில் சைக்கிள் கூட்டமும் அதிகம். துலூஸிலிருந்து புறப்படும் மிதி கால்வாயின் கரை முதல் 50 கி.மீ. வரை வழவழவென்று இருக்கும். அதற்கப்பால் வேர்கள் புடைத்த மண்பாதைகள் வரும்போது, புதிதாக ஓட்டுபவர்களுக்கு இடுப்பு விட்டுப்போகும். உங்களுக்கு வேண்டியது பழைய ரயில் தடம்.

நீராவி ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் அந்தக் காலத்துப் பொறியாளர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் தடத்தை ஏறக்குறைய மட்டமாகவே கொண்டுபோனார்கள். தண்டவாளத்தை எடுத்துவிட்டு அதன்மேல் தார் போட்டால் சைக்கிளுக்கு இதைவிட நல்ல பாதை அமையாது. ஜிவ்ரி என்ற ஊரிலிருந்து க்ளூனி வரை 44 கி.மீ. தூரத்துக்கு 1997-இல் அப்படித்தான் செய்தார்கள். பிரான்சின் முதல் 'வுவா வெர்த்', அதாவது பசுமைப் பாதை, இதுதான். இதில் மோட்டார் வாகனம் நுழையக் கூடாது. கிராமச் சாலை குறுக்கிடும் இடங்களில் மட்டும் தடுப்புக் கட்டைகள் இருக்கும். அங்கே பிரேக் பிடித்து, இருபுறமும் பார்த்துவிட்டுக் கடக்க வேண்டும். ரயில் கேட் காவலர்கள் குடியிருந்த சின்னஞ்சிறு வீடுகள் அந்தச் சந்திப்புகளில் இன்னும் நிற்கின்றன. ஒரு வீட்டுச் சுவரில் பழைய எண் பலகையைக்கூடக் கழற்றாமல் வைத்திருக்கிறார்கள், அதன் கீழே ஜன்னலில் சிவப்பு ஜெரேனியம் பூத்திருந்தது.

என் மனைவியும் உங்கள் மனைவியைப் போலத்தான் பயந்தார். முதல் அரை மணி நேரம் அவருடைய காது முழுவதும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. எதுவும் வரவில்லை. பியூஸி என்ற ஊரைத் தாண்டிய பிறகு, வலதுபுறம் ஷரோலே மாடுகள் மேய்ந்துகொண்டிருந்த இடத்தில் அவரே நிறுத்தச் சொன்னார். வெள்ளை வெளேரென்ற பெரிய மாடுகள் அவை. புல்லை நாக்கால் சுருட்டி அவை வெடுக்கென்று இழுக்கும் சத்தம் பத்தடி தூரத்திலிருந்து தெளிவாகக் கேட்டது. சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு அதை மட்டும் கேட்டுக்கொண்டு பத்து நிமிடம் நின்றோம். அமைதி என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தவுடன் எனக்கு அந்த வேலிதான் நினைவுக்கு வந்தது.

வழியில் கோர்மத்தான் கோட்டை இருக்கிறது. சற்றுத் தள்ளிக் குன்றின்மேல் தேஸே. பல்வேறு கிறிஸ்தவப் பிரிவுகளைச் சேர்ந்த துறவிகள் ஒன்றாக வாழும் இடம் அது. 1940-இல் அங்கே தொடங்கிய சமூகம் அது, இன்று உலகெங்கிலுமிருந்து இளைஞர்கள் வந்து தங்குகிறார்கள். இரவு க்ளூனியில் தங்குங்கள். 910-இல் நிறுவப்பட்ட மடம் அங்கே உள்ளது. ரோமில் இன்றுள்ள புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய தேவாலயம் இந்த மடத்தில் இருந்ததுதான். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் பெரும்பகுதியை இடித்துக் கல்லாக விற்றுவிட்டார்கள். சிலுவை வடிவத் தேவாலயத்தில் மிஞ்சிய ஒரு கைப்பகுதியும் கோபுரமும்தான் இன்று நிற்கின்றன. அவற்றை வைத்து முழுக் கட்டடத்தின் அளவை மனத்தில் கட்டிப் பார்க்க ஒரு மாலை முழுவதும் வேண்டும். அவசரப்பட்டுப் போய்விடாதீர்கள்.

மறுநாள் க்ளூனிக்குத் தெற்கே 1.6 கி.மீ. நீளமுள்ள புவா க்ளேர் சுரங்கம். நாங்கள் ஆகஸ்ட் வெயிலில் வியர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்தோம், இருநூறு அடி போவதற்குள் குளிர் பிடித்துக்கொண்டது. கூரையிலிருந்து சொட்டிய நீர் பின்கழுத்தில் விழுந்தது. மேல்சட்டையைப் பையின் அடியில் வைக்காதீர்கள், கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதால் சுரங்கத்தை மூடிவிடுவார்கள். அப்போது மலையேறித்தான் கடக்க வேண்டும், முதல் பயணத்துக்கு அது வேண்டாம். மறுபுறம் வெளியே வந்தால் திராட்சைத் தோட்டங்கள், பெர்ஸே கோட்டை, தொலைவில் சோலுத்ரே பாறை. அங்கிருந்து மாகோன் நகரம் வரை அலுங்காமல் போகலாம்.

லியோனிலிருந்து ஜிவ்ரிக்குப் பக்கத்து நகரமான ஷாலோனுக்கு 'டி.ஈ.ஆர்' எனப்படும் வட்டார ரயிலில் சைக்கிளோடு ஏறுங்கள். அங்கிருந்து ஜிவ்ரிக்குத் தனிப்பாதை இருக்கிறது. திரும்பும்போது மாகோனில் ரயில் பிடிக்கலாம். மொத்தம் 80 கி.மீ. அளவுதான் வரும். இரண்டு நாளில் முடியும், மூன்று நாள் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அதிவேக ரயிலைத் தவிருங்கள். அதில் சைக்கிளுக்குத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் கழற்றிப் பையில் போட வேண்டும்.

மீதி நாட்களுக்கு மிஷ்லான் நிறுவனம் வெளியிடும் சாலை வரைபடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சிவப்புக் கோடு பெருஞ்சாலை, மஞ்சள் அதற்கடுத்தது. இரண்டையும் விட்டுவிட்டு வெள்ளைக் கோடுகளை மட்டும் பிடித்துப் போனால் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு மூன்று கார்கள்தான் எதிர்ப்படும். ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் கார் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது இங்கே சட்டம். கிராமச் சாலைகளில் நான் பார்த்தவரை பெரும்பாலோர் அதைவிட அதிகமாகவே ஒதுங்கிப் போகிறார்கள்.

தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும். முதல் தடவை எனக்கும் மனம் ஒப்பவில்லை, நம் ஊரில் யாரும் அங்கே போய்க் குடிநீர் பிடிப்பதில்லை. ஆனால் நாற்பது டிகிரி வெயிலில் அந்தக் குளிர்ந்த நீரை இரண்டு கைகளாலும் ஏந்திக் குடித்த பிறகு தயக்கம் போய்விட்டது. குழாயருகில் 'நோன் பொதாப்ல்' என்ற பலகை இருந்தால் மட்டும் தொடாதீர்கள், குடிக்கத் தகாது என்று பொருள்.

மே கடைசியோ செப்டம்பர் முதல் பாதியோ நல்ல பருவம். செப்டம்பரில் வேட்டைப் பருவமும் தொடங்கிவிடும், எனவே காட்டோரப் பாதைகளில் பளிச்சென்ற நிறத்தில் சட்டை அணியுங்கள். திங்கட்கிழமை கிராமங்களில் ரொட்டிக்கடை பெரும்பாலும் மூடியிருக்கும், மற்ற நாட்களிலும் மதியம் இரண்டு மணி நேரம் கதவடைப்பு. ஒரு திங்கட்கிழமை மூன்று ஊர் தாண்டியும் ஒன்றும் கிடைக்காமல், நான்காவது ஊரில் பேருந்து நிறுத்தத்துக்கு அருகே நின்றிருந்த ஓர் இயந்திரத்தில் காசு போட்டு நீள ரொட்டி எடுத்துச் சாப்பிட்டோம். இளஞ்சூடாக இருந்தது. எல்லா ஊரிலும் அந்த இயந்திரம் இருக்காது, ஆகவே ஞாயிறு காலையிலேயே இரண்டு நாளுக்கானதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.