எஞ்சின் புகை, கடிதம்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

மண்டபம் ஸ்டேஷனில் கரி எஞ்சின் நின்றதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் இதை உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது. எனக்குக் கீழக்கரை. துபாயில் 22 வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். அங்கே பிடித்த பைத்தியம் இந்த மாடல் ரயில். ஊருக்கு வந்தபின் மாடி அறையில் பழைய பாம்பன் பாலத்தின் ஒரு துண்டைச் செய்து வைத்திருக்கிறேன், 1:87 அளவில், 4 மீட்டர் நீளம். பழைய ஜெர்மன் எஞ்சின் ஒன்றின் மேல்கூட்டை மாற்றி நம்ம மீட்டர் கேஜ் கரி எஞ்சினான ஒய்.பி. மாதிரி ஆக்கியிருக்கிறேன். அதில் புகை யூனிட்டும் உண்டு.

தொல்லை அந்தப் புகைதான். நூல் மாதிரி மெல்லிசாக மேலே போகிறது, பாதியில் காணாமல் போகிறது. படங்களில் வருகிற மாதிரி குபுகுபுவென்று இல்லை, கறுப்பாகவும் இல்லை. எண்ணெயைக் கூட ஊற்றினால் வருவதும் நின்றுவிடுகிறது. ஒருநாள் தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், வீடு முழுக்கப் பொரியல் வாசம். இதே பைத்தியமுள்ள நண்பர் ஒருவர், 'புகையெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு, கழற்றிப் போடு' என்கிறார்.

வாப்பாவுக்கு 86 வயது. போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி போய்க் கப்பலேறி, கொழும்பில் கடையில் நின்றவர். கைத்தாங்கலாக மாடிக்குக் கூட்டிவந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாம்பிராணி போட்ட மாதிரி இருக்கு. எஞ்சின் மூச்சு விடலையே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அன்றிலிருந்து மனசு சரியில்லை. என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம்)
கீழக்கரை

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வாப்பா சொன்னதற்கு மேல் சொல்ல என்னிடம் அதிகமில்லை. அவர் சொன்னது ஏன் சரி என்று வேண்டுமானால் விளக்கலாம்.

அதற்கு முன் அந்தத் தேங்காய் எண்ணெயை வெளியே எடுங்கள். டிஷ்யூ பேப்பரை முறுக்கி உள்ளே விட்டு உறிஞ்சினால் வந்துவிடும். குழாய் அடைத்திருக்கிறதே என்று குண்டூசியை மட்டும் விட்டுக் குத்த வேண்டாம். உள்ளே மயிரிழைக் கம்பி ஒன்று இருக்கிறது, அறுந்துவிடும். நான் அறுத்திருக்கிறேன்.

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் சாய்த்தே என்ற ஜெர்மன் கம்பெனியின் யூனிட்டாக இருக்கும். ஒரு சின்ன உலோகக் குப்பி, நடுவில் மெல்லிய குழாய், அதற்குள் சூடாகும் கம்பி. அடியில் கசிந்து வரும் எண்ணெய் கம்பியில் பட்டு ஆவியாகிறது. வெளிக்காற்றுக்கு வந்ததும் குளிர்ந்து பொடித் துளிகளாகிறது. அந்தத் துளிக்கூட்டத்தைத்தான் நாம் புகை என்கிறோம். அங்கே எரிவது எதுவும் இல்லை. குப்பி நிறைய ஊற்றினால் கம்பி எண்ணெயில் மூழ்கி, கொதிக்க வைக்கத் தெம்பில்லாமல் கிடக்கும். சில சொட்டுதான் கணக்கு. திரி வைத்த யூனிட்டுகளுக்கு இதற்கு நேர்மாறான வியாதி, வறண்டு ஓடினால் திரி கருகிவிடும். இதற்கென்று விற்பது நன்றாகச் சுத்திகரித்த, வாசமில்லாத, மெல்லிய பாரஃபின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் கம்பியில் பிசினாகக் கருகி ஒட்டும். மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும், அந்தப் பக்கமே போகாதீர்கள். கச்சேரி மேடையில் புகை விடுகிறார்களே, அந்தத் திரவமும் ஆகாது. அது கிளைக்காலும் தண்ணீரும் கலந்தது, வேறு இயந்திரத்துக்கானது.

இன்னொன்று. அறையில் சீலிங் ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததா? பாதியில் காணாமல் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். நம்மூரில் ஃபேனை அணைப்பது ஒரு தவம்தான், ஆனால் வேறு வழியில்லை.

இனி கறுப்பு. எண்ணெய்த் துளிகள் ஒளியைச் சிதறடிப்பவை, ஆகவே வெள்ளையாகத்தான் தெரியும். கறுப்புக்கு உள்ளே கரித்தூள் இருக்க வேண்டும், அதை உங்கள் யூனிட்டால் தர முடியாது. தர முடிந்தாலும் வேண்டாம் என்பேன். நம் மாவட்டத்துக்காரனுக்குப் புகையைப் படிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. சீமைக்கருவேலங் கட்டையை அடுக்கி மண்பூசி கரிமூட்டம் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். என் பெரியப்பா ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்துபோய்ப் புகையைப் பார்ப்பார். வெள்ளையாகத் திரண்டு வந்தால் கட்டையின் ஈரம் போகிறது. மஞ்சள் தட்டினால் கட்டை வேகிறது. நீலம் பாரித்து மெலிந்துவிட்டால் கரி ஆகிவிட்டது, உடனே ஓட்டையை அடைக்க வேண்டும். அரைமணி அசந்தால் கரி சாம்பலாகிவிடும்.

எஞ்சினிலும் இதே படிப்புதான். புகைப்போக்கியில் கறுப்பாக வந்தால் நிலக்கரி எரியாமல் மேலே போகிறது என்று பொருள். கை தேர்ந்த ஃபயர்மேன் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போடுவார். மேலே இலேசான சாம்பல் நிறம் மட்டும் தெரியும். கறுப்பாகக் கக்கினால் டிரைவரிடம் திட்டு நிச்சயம். நாம் பார்க்கிற கம்பீரமான கறுப்புப் புகைப் படங்களில் பல, ரயில் ரசிகர்கள் கேட்டுக்கொண்டதற்காக ஃபயர்மேன் வேண்டுமென்றே கரியை அள்ளிப்போட்டு எடுக்கவைத்தவை. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை சிரிப்பது போல.

சரி, படங்களில் எஞ்சினுக்கு மேலே திரளுகிற அந்த வெள்ளை மேகம்? அது தண்ணீர் ஆவி குளிர்ந்து துளியானது. ஏசி மெக்கானிக்கிடம் போய்க் காற்றின் ஈரத்தைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது, ஆனாலும் சொல்கிறேன். 0 டிகிரி குளிரில் ஒரு கனமீட்டர் காற்று 5 கிராம் ஈரத்தைக்கூடத் தாங்காது. 30 டிகிரியில் ஏறக்குறைய 30 கிராம் தாங்கும். நம் கடற்கரையில் ஈரப்பதம் 70 சதவீதம் இருந்தாலும் இன்னும் 9 கிராமுக்கு இடமிருக்கிறது. ஐரோப்பியக் குளிர்காலத்தில் எஞ்சின் விட்ட ஆவி ரயிலின் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டு வரும். சித்திரை வெயிலில், கச்சான் காற்று அடிக்கும்போது, பாம்பன் பாலத்தின் மேல் அது எத்தனை அடி தாங்கும்? காலண்டர் படத்தைப் பார்த்துவிட்டு நம் எஞ்சினுக்கு அவ்வளவு மேகம் கேட்பது நியாயமே இல்லை. மார்கழி விடிகாலையில் நான் பார்த்திருக்கிறேன், ஸ்டேஷனையே மறைக்கும். அதே எஞ்சின் மத்தியானம் வந்தால் புகைப்போக்கிக்கு மேலே காற்று நடுங்குவதுதான் தெரியும். கூடவே கண்ணில் விழுகிற கரித்துகளும். ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே வேடிக்கை பார்த்த தலைமுறை நாங்கள்.

ஆகவே உங்கள் புகை மெலிவாக இருப்பது குற்றமில்லை. வாப்பா அதைச் சொல்லவும் இல்லை, மூச்சு விடவில்லை என்றுதான் சொன்னார்.

கரி எஞ்சினின் சூட்சுமமே அந்த மூச்சுதான். சிலிண்டரில் வேலை முடித்த ஆவியைப் புகைப்போக்கிக்கு நேர் கீழே ஒரு குழாய் வழியாக மேல்நோக்கிப் பீய்ச்சுகிறார்கள். அது போகிற வேகம், புகைப்போக்கிக்கு அடியிலுள்ள புகைப்பெட்டியில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பில்தான் அடுப்புக்குக் காற்று கிடைக்கிறது. சுமை கூடக்கூட இழுப்பு கூடும், நெருப்பும் கூடும். எஞ்சின் தன் துருத்தியைத் தானே ஊதிக்கொள்கிறது. ஒய்.பி.க்கு இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் ஆவி இருபக்கமும் தள்ளும். எனவே சக்கரம் ஒருமுறை சுற்றினால் நான்கு மூச்சு. அதன் ஓட்டுச் சக்கரம் 54 அங்குலம், அதாவது ஒரு சுற்றுக்கு 4.3 மீட்டர். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் பாலத்தின் மேல் ஊர்கிறது என்று வையுங்கள். இரண்டு விநாடிக்கு ஐந்து மூச்சு வரும்.

இப்போது அதை 87-ல் ஒன்றாகச் சுருக்குங்கள். சக்கரம் சுருங்குகிறது, தூரம் சுருங்குகிறது, வேகம் விநாடிக்கு 3.2 சென்டிமீட்டராகிறது. ஆனால் இரண்டு விநாடிக்கு ஐந்து மூச்சு என்பது அப்படியே நிற்கிறது. நேரத்தை யாராலும் சுருக்க முடியாது. உங்கள் மாடலில் பெரிய எஞ்சினிலிருந்து குறையாமல் வரக்கூடியது அந்த ஒன்றுதான், அதைத்தான் உங்கள் யூனிட் தரவில்லை.

பொம்மை ரயில்காரர்களுக்கே இது சீக்கிரம் புரிந்துவிட்டது. அமெரிக்காவில் லயனல் கம்பெனி 1946-ல் புகைவிடும் எஞ்சினைக் கொண்டுவந்தபோது, பள்ளம் வைத்த ஒரு பல்பின் மேல் அமோனியம் நைட்ரேட் மாத்திரையைப் போட்டுச் சூடாக்கினார்கள். அடுத்த வருடமே அதை விட்டுவிட்டு, சூடாக்க நிக்ரோம் கம்பி, கூடவே சக்கரத்தோடு இணைத்த ஒரு சின்ன பிஸ்டன் என்று மாற்றினார்கள். சக்கரம் சுற்றச் சுற்றப் பிஸ்டன் காற்றைத் தள்ளும், புகை விட்டுவிட்டு வரும். புகை பெருக்கவில்லை, தாளம் கொடுத்தார்கள். இன்று அதே வேலையைக் குட்டி ஃபேனும், எஞ்சினுக்குள் வைக்கிற டிஜிட்டல் டிகோடர் என்ற சில்லும் செய்கின்றன. பெரிய அளவு எஞ்சின்களில் அது சுலபம். உங்கள் அளவில் பாய்லருக்குள் இடம் நெருக்கடிதான், முயன்று பார்க்கலாம்.

புகை சுருங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மினியேச்சரைப் படமெடுக்கிற சினிமாக்காரர்கள் கேமராவை வேகமாக ஓட்டிப் பிறகு நிதானமாகக் காட்டுவார்கள். எத்தனை மடங்கு என்பதற்கு அளவின் வர்க்கமூலம் கணக்கு. 1:16 என்றால் 4 மடங்கு, உங்களுக்கு 9 மடங்குக்குச் சற்று மேல். ஃபோனில் விநாடிக்கு 240 ஃபிரேமில் எடுத்து 30-ல் ஓட்டினால் 8 மடங்கு கிடைத்துவிடும். எஞ்சினை விநாடிக்கு 30 சென்டிமீட்டர் வரை விரட்டி எடுத்துப் பாருங்கள். அந்த நூல்புகை திடீரென்று கனத்துவிடும். வாட்ஸப்பில் போட்டுப் பெருமைப்பட அது போதும்.

நண்பர் சொன்னதில் ஒரு பாதி சரி. அந்தத் துளிகள் எங்கோ போய்விடுவதில்லை, தண்டவாளத்தின் மேல் படிகின்றன. சக்கரம் வழுக்கும், கரண்ட் பிடிக்காது. அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டும், நம் உப்புக் காற்றும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் அடிக்கடி துடைக்க வேண்டிவரும். ஜன்னலை அடைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓட்டுவது நெஞ்சுக்கும் ஆகாது, வாப்பாவை உட்காரவைக்கும்போது அது நினைவிருக்கட்டும். மற்றபடி சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நண்பர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. ஐம்பது வயதில் மாடலில் ரிவெட் சரியாக இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருப்பது மட்டும் பெரிய பிள்ளை விளையாட்டா? (உங்கள் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ.தானே? அப்படியென்றால் அது மீட்டர் கேஜ் ஆகாது, இந்த அளவில் 12 மி.மீ. வேண்டும். இதை அவரிடம் சொல்லாதீர்கள்.)

நானாக இருந்தால் யூனிட்டைக் கழற்ற மாட்டேன், ஓடும்போது போடவும் மாட்டேன். பழைய பாம்பன் பாலம் 1914-ல் திறந்தது, கப்பலுக்கு வழிவிட அதிலுள்ள ஷெர்சர் வகைத் தூக்குப்பாலத்தை ஆட்கள் கையால் சுற்றித்தான் தூக்கினார்கள். கப்பல் போகும்வரை ரயில் காத்திருக்க வேண்டியிருந்தது. நிற்கிற எஞ்சினில் மூச்சு இருக்காது. சிலிண்டருக்கு ஆவியை விடும் ரெகுலேட்டர் மூடியிருக்கும், புகை சோம்பலாக, நூலாக, தன்பாட்டுக்கு மேலே போகும். உங்களிடம் இருக்கிற அதே புகை. எஞ்சினைப் பாலத்தின் இந்தக் கரையில் நிறுத்தி, இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். கப்பல் போய்ப் பாலம் இறங்கியதும் புகை சுவிட்சை அணைத்துவிட்டு எஞ்சினின் மூச்சொலியை மட்டும் போடுங்கள். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நான்கு, பிசகக் கூடாது. முழுப் பாலமும் இந்த அளவில் 24 மீட்டர் வரும், கடக்க 12 நிமிடம். உங்கள் 4 மீட்டருக்கு இரண்டு நிமிடம் ஆகும். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள்.

அடுத்த முறை வாப்பாவை மாடிக்குக் கூட்டிவரும்போது மத்தியானமாக இருக்கட்டும். ஃபேன் அணைந்திருக்கட்டும். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.