மேடை நாடகத்தில் 'ஸ்டேஜ் லெஃப்ட்' என்பது யாருடைய இடது? அடிப்படைச் சொற்களை எப்படிப் பழகுவது?

நடிகருடைய இடது. பார்வையாளரைப் பார்த்து நிற்பவருக்கு இடக்கைப் பக்கம் எதுவோ அதுதான் ஸ்டேஜ் லெஃப்ட். கீழே உட்கார்ந்திருக்கும் இயக்குநருக்கு அது வலப்பக்கம். "ஒத்திகையில் தினமும் தப்பான பக்கமே போகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பலதுறைத் தொழிற்கல்லூரித் தமிழ் நாடகக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் என்று வைத்துக்கொள்கிறேன். தப்பு உங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம். "இந்தப் பக்கம் வா" என்று கையை மட்டும் ஆட்டும் இயக்குநர்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

அப்ஸ்டேஜ் என்பது பார்வையாளரிடமிருந்து விலகிய பின்பகுதி, டவுன்ஸ்டேஜ் முன்பகுதி. பழைய ஐரோப்பிய மேடைகளின் தரை பின்னால் உயர்ந்து முன்னால் சரிந்திருந்தது; மேல், கீழ் என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. நீங்கள் பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்தால், எதிரில் நிற்பவர் சபைக்கு முதுகைக் காட்டித்தான் உங்களைப் பார்க்க முடியும். அவர் முகத்தை நீங்கள் பறித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். 'சீட்' (cheat) பண்ணச் சொன்னால் ஏமாற்று வேலை இல்லை: உடலைக் கால் பங்கு சபைப் பக்கம் திருப்பி நின்று, எதிராளியிடம் பேசுவதுபோல் காட்டுவது.

இங்கே சிங்கப்பூரில் எஸ்பிளனேட் தியேட்டர் ஸ்டூடியோ போன்ற பிளாக் பாக்ஸில், அதாவது நிலையான மேடை இல்லாத வெற்று அறை அரங்கில், இருக்கைகளை மாற்றிப் போடலாம். மூன்று பக்கமும் ஆள் உட்கார்ந்தால் எது முன்பக்கம்? முதல் ஒத்திகையிலேயே ஒரு சுவரைக் காட்டி 'இதுதான் முன்' என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் எழுதிவைத்த அசைவுக் குறிப்பெல்லாம் வீண்.

'இதற்கெல்லாம் தமிழ்ச் சொல் கிடையாதா' என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: திரைக்கு இருக்கிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மூன்று வகை எழினி. ஒரு பக்கமிருந்து இழுப்பது ஒருமுக எழினி, இரு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர்வது பொருமுக எழினி, மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைக்கவும் அங்கேயே சொல்லியிருக்கிறது. தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அரங்கத் தொழில்நுட்பர் தமிழராக இல்லாதபோது ஹெட்செட்டில் 'எழினி' என்றால் திரை அசையாது.

விங்ஸில், அதாவது மேடையின் இரு பக்க மறைவிடங்களில், நிற்கும்போது ஒரே விதி: உங்களுக்கு ஒரு பார்வையாளர் தெரிந்தால் அவருக்கும் நீங்கள் தெரிகிறீர்கள். முதல் வரிசையின் இரு ஓர இருக்கைகளிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எங்கே நிற்கலாம் என்று தரையில் டேப் ஒட்டுங்கள்.

நாற்காலி, மேசைக்கு ஒட்டும் அடையாளம் ஸ்பைக். நான்கு காலுக்கும் வேண்டாம். பின்னங்கால் இரண்டுக்கும் 'ட' வடிவில் ஒட்டினால் போதும், முன்னிருந்து பார்த்தால் கண்ணில் படாது. காட்சிக்கு ஒரு நிறம். இருட்டில் ஒளிரும் டேப் வெளிச்சம் வாங்கினால்தான் ஒளிரும். நீண்ட இருட்டுக் காட்சிக்குப் பிறகு அது மங்கியிருக்கும், அதை நம்பிப் படியில் கால் வைக்காதீர்கள்.

விளக்கு போன்றவற்றை மாற்ற மேடை மேலாளர் கொடுக்கும் கட்டளைதான் கியூ. கியூ அழைப்பில் எண் முதலில், 'கோ' கடைசியில். "ஸ்டாண்ட்பை லைட் கியூ 12" என்றதும் விளக்குக்காரர் "ஸ்டாண்ட்பை" என்று பதில் சொல்ல வேண்டும். பிறகு "லைட் கியூ 12, கோ". ஹெட்செட்டில் வேறு எதற்கும் 'கோ' என்ற சொல்லை எடுக்காதீர்கள். சாப்பாட்டுக்கு "லெட்ஸ் கோ" என்றாலும் விரல் பொத்தானை அழுத்திவிடும்.

நாடகம் தொடங்குமுன் நடிகர்களுக்கு நேரம் சொல்லும் அழைப்புகளும் உண்டு. இங்கு பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கம் என்பதால் 'ஹாஃப்' என்றால் முப்பது நிமிடம் அல்ல, திரை விலக முப்பத்தைந்து நிமிடம். 7.30 நாடகத்துக்கு ஹாஃப் 6.55, குவார்ட்டர் 7.10, ஃபைவ் 7.20, முதல் காட்சி நடிகர்களை அழைக்கும் 'பிகினர்ஸ்' 7.25. எல்லாவற்றிலும் அந்த ஐந்து நிமிடம் சேர்ந்திருக்கிறது.

இவ்வளவு கணக்கும் பார்த்துவிட்டு, சிறப்பு விருந்தினர் வரவில்லை என்று எட்டு மணி வரை சபையைக் காக்க வைப்பது எந்த ஊர் வழக்கமோ தெரியவில்லை. விங்ஸில் முழு ஒப்பனையோடு வியர்த்து நிற்பவர்களுக்குச் சால்வையும் கிடையாது. அப்படித் தள்ளிப்போனால் மேடை மேலாளர் பிகினர்ஸை மறுபடி அழைப்பார். அதுவரை நடிகர்கள் காத்திருக்கும் கிரீன் ரூமிலேயே இருங்கள்.