அப்பத்தா கணுக்காலில் கட்டிய போன்

போன வாரம் பள்ளிபாளையத்திலிருந்து ஒரு அப்பா தன் மகளோடு, அடுத்து என்ன படிக்க வைப்பது என்று என்னிடம் ஆலோசனை கேட்க வந்திருந்தார். நான்கு விசைத்தறி, அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த ஒரே மகள். கூடவே பெண்ணின் தாய்மாமா. பேசியது முழுக்க மாமாதான். ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ், கோயம்புத்தூரில் பெயர்பெற்ற கல்லூரி, மேனேஜ்மென்ட் கோட்டா. இரண்டு தறியை விற்றால் முதல் வருடத்துப் பணம் ஆச்சு என்றார். நானும் "நல்ல மார்க்தான், கவலைப்படாதீர்கள்" என்று ஆறுதலாகத்தான் தொடங்கினேன். தறியை விற்கும் பேச்சு காதில் விழுந்ததும் அந்தத் தொனி போய்விட்டது.

ஐயா, அன்று மாமா எதிரில் பாதியில் விட்டதை இப்போது சொல்கிறேன். தறியை விற்காதீர்கள். உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள். 2021-இல் வந்த சட்டப்படி பொறியியல் கலந்தாய்வில் அவளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு கட்டுகிறது. மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்தால் அந்தச் சலுகை அத்தோடு போச்சு. சும்மா கிடைக்கக்கூடிய படிப்பை, சொந்தக்காரர்களிடம் கல்லூரிப் பெயர் சொல்வதற்காகத் தறியை விற்றுப் படிப்பதா? இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

சரி, என்ன படிப்பு? நீங்கள் இருவரும் டீ குடிக்கப் போனபோது அவளிடம் தனியாகக் கேட்டேன். அப்பத்தாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன கதையைச் சொன்னாள். டாக்டர் முன்னால் நிமிர்ந்து நடக்கிறாராம், வீட்டுக்கு வந்ததும் இடது காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறாராம். டாக்டர் நம்பவில்லை. இவள் ஃபைஃபாக்ஸ் என்ற செயலியைப் போனில் இறக்கி (போனுக்குள் இருக்கும் சென்சார்கள் அளப்பதை வரைபடமாகக் காட்டும்; ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தார் செய்தது, இலவசம்), அப்பத்தாவின் கணுக்காலில் போனைத் துணியால் கட்டி, வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று என வரைபடம் எடுத்திருக்கிறாள். உங்கள் வீட்டில் இது யாருக்கும் தெரியாது, இல்லையா?

அவள் விளையாட்டாகச் செய்ததைத் தொழிலாகவே செய்கிறார்கள். சாதாரணமாக நடக்கும்போது ஒரு கால் தன் சுழற்சியில் ஏறக்குறைய 60 சதவீத நேரம் தரையிலும் 40 சதவீத நேரம் காற்றிலும் இருக்கும். வலிக்கிற கால் தரையில் நிற்கும் நேரம் குறைந்துவிடும். கணுக்காலிலும் இடுப்பிலும் தீப்பெட்டி அளவு சென்சாரைப் பட்டையால் கட்டினால், அதற்குள் இருக்கும் முடுக்கமானியும் (வேகம் மாறுவதை அளப்பது) கைரோஸ்கோப்பும் (சுழல்வதை அளப்பது) நொடிக்கு நூறு முறை வரை பதிவு செய்யும். குதிகால் தரையில் பட்ட நொடி வரைபடத்தில் கூர்முனையாகத் தெரியும். முடுக்கத்தை ஒரு முறை தொகையிட்டால் (கணக்கில் இன்டக்ரேஷன் என்பார்களே, அது) வேகமும், இன்னொரு முறை தொகையிட்டால் எடுத்துவைத்த எட்டின் நீளமும் வர வேண்டும். ஆனால் சின்னப் பிழை சேர்ந்து சேர்ந்து, பத்து எட்டு வைப்பதற்குள் அப்பத்தா பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டதாகக் கணக்கு காட்டும். அதற்கு ஒரு அழகான தந்திரம் உண்டு. ஒவ்வொரு எட்டிலும் பாதம் தரையில் பதிந்து ஒரு கணம் அசையாமல் இருக்கிறதல்லவா? அந்தக் கணத்தில் வேகம் பூஜ்ஜியம் என்று வைத்துக் கணக்கைத் திருத்திக்கொள்கிறார்கள். இதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

டாக்டர் அறையில் எல்லோரும் கொஞ்சம் நன்றாகத்தான் நடப்பார்கள். நிஜ நடை வீட்டிலும் தெருவிலும்தான். அதனால்தான் ஐரோப்பிய மருந்து முகமை, டுஷேன் தசைச்சிதைவு நோயுள்ள (தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் நோய்) பிள்ளைகளின் மருந்து ஆய்வுகளில், கணுக்காலில் கட்டிய கருவி நாள்தோறும் அளக்கும் நடை வேகத்தை மருந்து பலன் தருகிறதா என்று பார்க்கும் துணை அளவுகோலாக 2019-இல் ஏற்றது. 2023-இல் அதையே முதன்மை அளவுகோலாகவும் வைத்துக்கொள்ளலாம் என்றது. பார்க்கின்சன், பக்கவாதம், செயற்கைக்கால் பொருத்தியவர்கள் என்று இதன் தேவை நீளும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையிலான மையம் 2022-இல் 'கதம்' என்ற செயற்கை முழங்காலை வெளியிட்டது. நடையைப் புரிந்துகொண்டால்தான் அப்படி ஒன்றைச் செய்ய முடியும்.

வழி இதுதான். கலந்தாய்வில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங், அதாவது மருத்துவக் கருவிகளுக்கான பொறியியல். கூடவே பைத்தான் என்ற நிரல்மொழியும், சென்சார் பதிவுகளை அலசும் சிக்னல் பிராசஸிங்கும் ஒழுங்காகப் படிக்க வேண்டும். அப்புறம் கேட் என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வு எழுதி, சென்னை ஐஐடி, வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். பொறியாளர்கள் ஆஸ்பத்திரி வார்டுக்குள்ளேயே கற்கும் படிப்பு அது.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வெறும் பி.இ.யோடு நின்றால் பல பேருக்குக் கருவி விற்பதும் பழுது பார்ப்பதும்தான் வேலை. முதல் சம்பளம் மாமா சொல்லும் ஐடி கணக்குக்கு வராமல் போகலாம். பி.இ., எம்.டெக் இரண்டுக்கும் சேர்த்து ஆறு வருடமாவது பொறுக்க வேண்டும். ஒருவேளை நடுவில் அவள் மனம் மாறினாலும், கற்ற நிரலாக்கமும் தரவுப் பகுப்பாய்வும் ஐடி வேலைக்கும் உதவும். நீங்கள் கடன்பட்டிருக்கவும் மாட்டீர்கள்.

கலந்தாய்வுப் பதிவு முடிவதற்குள் இன்னொரு முறை வாருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று கையில் இருக்கட்டும். மாமாவுக்கு வேலை இருந்தால் தொந்தரவு செய்ய வேண்டாம். அப்பத்தா நடந்த அந்தப் பதிவுகளை மட்டும் போனில் அழித்துவிடாமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.