தாத்தாவின் கொடி: கடிதம்

அன்புள்ள ஐயா,

பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். போன மாதம் பழைய வீட்டைக் காலி செய்தபோது, தாத்தாவின் தகரப் பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் ஒரு மலேசிய தேசியக் கொடி கிடைத்தது. ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகள் விரித்து எண்ணிவிட்டு, "14 கோடு இருக்கணும், 11தான் இருக்கு, இது தப்பான கொடிப்பா" என்கிறாள். தாத்தா ரயில்வேயில் இருந்தவர், தப்பான கொடியைப் பத்திரப்படுத்துகிற ஆள் இல்லை. காப்பிக் கடையில் கேட்டால் ஒருவர் "நம்ம கொடியே அமெரிக்கக் கொடியின் நகல்" என்கிறார். இன்னொருவர் "நீலம் வெள்ளைக்காரனுக்காக வைத்தது" என்கிறார். எது சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மகள் எண்ணியதும் சரி, தாத்தா பத்திரப்படுத்தியதும் சரி. நட்சத்திரத்தின் முனைகளையும் எண்ணச் சொல்லுங்கள், அதுவும் 11 இருக்கும். கடைசிக் கோடு சிவப்பாக இருக்கும். இன்றைய கொடியில் அது வெள்ளை. உங்களிடம் இருப்பது, மலேசியா உருவாகும் முன், 1963 வரை பறந்த மலாயாக் கூட்டரசின் கொடி. 1957 ஆகஸ்ட் 31 பிறந்த நள்ளிரவில், கோலாலம்பூர்த் திடலில் யூனியன் ஜாக்கை இறக்கிவிட்டு ஏற்றியது இதைத்தான்.

இது பிறந்தது ஒரு போட்டியில். 1949-இல் நடந்த அந்தப் போட்டிக்கு 373 வடிவங்கள் வந்தன. மூன்றைத் தேர்ந்தெடுத்து, 'மலாய் மெயில்' பத்திரிகை வழியாக மக்களின் கருத்தைக் கேட்டார்கள். வென்றது ஜோகூர் பாரு பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த முகமட் ஹம்சா என்ற கட்டடக் கலைஞரின் வடிவம். அவர் முதலில் வரைந்தது ஐந்து முனை நட்சத்திரம். ஜோகூர் மாநிலக் கொடியிலும் பிறையோடு ஐந்து முனை நட்சத்திரம்தான் இருக்கிறது. சொந்த ஊர்க்கொடி கையில் வந்து உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை எதிர்த்து ஆங்கில ஆட்சி அறிவித்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்த நேரம். ஐந்து முனை கம்யூனிஸ்டு நட்சத்திரத்தை நினைவூட்டியதால்தான் 11 ஆக்கினார்கள் என்று சொல்வதுண்டு. 1950 மே மாதம் மன்னர் ஆறாம் ஜார்ஜ் ஒப்புதல் தந்தார். அதே மாதம் 26-ஆம் தேதி கோலாலம்பூரில் சிலாங்கூர் சுல்தானின் அரண்மனை முன்னால் முதல் முறையாக ஏற்றினார்கள்.

அந்த 11 கோடுகள் யார் யார்? ஒன்பது மலாய் மாநிலங்கள், அப்புறம் மலாக்கா, பினாங்கு. நம் பினாங்கின் கோடு அவ்வளவு சுலபமாக வந்துவிடவில்லை. சிங்கப்பூரோடும் மலாக்காவோடும் சேர்ந்து, ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட நீரிணைக் குடியேற்றமாக இருந்து பழகிய ஊர் இது. துறைமுக வணிகர்களுக்குக் கூட்டரசில் சேர்ந்தது பிடிக்கவில்லை. பிரிந்துபோவோம் என்று 1948 டிசம்பரில் குழுவே அமைத்தார்கள். 1949 பிப்ரவரியில் பினாங்கு மன்றத்தில் அந்தத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்து, 10-க்கு 15 என்று தோற்றது. கொடிப் போட்டி நடந்த அதே வருடம்! இன்னும் மூன்று பேர் கை மாறியிருந்தால் முகமட் ஹம்சா 10 கோடுதான் போட்டிருப்பாரோ என்னவோ. லண்டன் விட்டிருக்குமா என்பது வேறு கதை.

1963 செப்டம்பர் 16-இல் சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்து மலேசியா ஆனது. கோடும் முனையும் 14 ஆயின. இரண்டே வருடத்தில், 1965 ஆகஸ்ட் 9-இல், சிங்கப்பூர் போய்விட்டது. கோட்டை மட்டும் யாரும் அழிக்கவில்லை. அதற்குப் புதுப் பொருள் சொன்னார்கள்: 13 மாநிலங்கள், பதினான்காவது கூட்டரசு அரசாங்கம். இப்போது பல பேர் அதை, கோலாலம்பூர் போலக் கூட்டரசு நேரடியாக ஆளும் கூட்டரசுப் பிரதேசத்தின் கோடு என்கிறார்கள். ஆனால் கோலாலம்பூரே 1974 பிப்ரவரி 1 வரை சிலாங்கூரைச் சேர்ந்ததுதான். துணி அப்படியே இருக்க, பொருள் மட்டும் குடி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கொடியைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். கொடிக்கு 'ஜாலூர் கெமிலாங்' என்ற இன்றைய பெயர்கூட 1997-இல்தான் வந்தது. உங்கள் தாத்தா அந்தப் பெயரைச் சொல்லிக் கொடியை மடித்திருக்க முடியாது.

நீலமும் அப்படித்தான். காமன்வெல்த் தொடர்பைக் குறிக்கிறது என்று அந்தக் காலத்தில் விளக்கம் சொன்னார்கள். இன்று பாடப்புத்தகத்தில் அது மக்களின் ஒற்றுமை. ஆகவே அந்தக் காப்பிக் கடைக்காரர் முழுக்கத் தப்பில்லை, அறுபது வருடம் பிந்தி வந்திருக்கிறார், அவ்வளவுதான். மஞ்சள் அரச நிறம், பிறை இஸ்லாம், இவற்றில் தகராறு இல்லை.

அமெரிக்கக் கொடி? பார்வைக்கு ஒத்துப்போகிறது, மறுக்க முடியாது. ஆனால் அங்கே கோடு 13-இல் நின்றுவிட்டது. மாநிலம் சேரச் சேர நட்சத்திரத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். இங்கே கோட்டையும் நட்சத்திர முனையையும் சேர்த்தே கூட்டினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் கொடியிலும் சிவப்பு வெள்ளைக் கோடுகள் உண்டு. கோடு யாருக்கும் சொந்தமில்லை.

வருகிற மெர்டேக்கா சுதந்திர தினத்துக்குத் தாத்தாவின் கொடியை வாசலில் கட்டிவிடாதீர்கள். துணி தாங்காது, போதாததற்கு, கோட்டை எண்ணிப் படம் பிடித்துப் போடுகிற காலம் இது. மடித்து வைத்தால் மடிப்பில் இற்றுப்போகும், சுத்தமான பருத்தி வேட்டியோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள். மகளிடம் 14 முனை நட்சத்திரம் ஒன்று வரைந்து காட்டச் சொல்லுங்கள். பள்ளியில் எனக்கு ஒரு தடவைகூட 13-க்கு மேல் வந்ததில்லை.