அம்மாவிடம் சொன்ன நாற்பதாயிரம்

கேள்வி: மதுரையில் எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்தேன். அமெரிக்காவில் மூன்று இடங்களில் பிஎச்.டி. கிடைத்திருக்கிறது: புள்ளியியல் (உதவித்தொகை ஆண்டுக்கு 27,000 டாலர்), பொருளாதாரம் (30,000), ஆபரேஷன்ஸ் ரிசர்ச் எனும், முடிவெடுப்பதற்கான கணிதத் துறை (32,000). எதில் எதிர்காலம் அதிகம்? அப்பா இரண்டு ஆண்டில் ஓய்வு பெறுகிறார். வீட்டுக் கடனுக்கு மாதம் 40,000 ரூபாய் அனுப்புவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஏப்ரல் 15க்குள் பதில் தர வேண்டும்.

பதில்: எதிர்காலம் இருக்கட்டும் தம்பி. அந்த 40,000 எந்தக் கணக்கில் வந்தது?

27,000 டாலர் ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டுக்கா என்று பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதத்தில் பார்த்தீர்களா? ஒன்பது என்றால் கோடை மூன்று மாதமும் வெறுங்கை. ஆண்டு முழுவதற்கும் பிரித்தால் மாதம் 2,250. பங்கு வாடகை 900, சாப்பாடு 350, கட்டணமும் காப்பீடும் 230, வரி 150, போன், பஸ், துணிமணி 150 என்று வையுங்கள். மிச்சம் 470. டாலருக்கு 85 ரூபாய் என்றால் அதுதான் உங்கள் 40,000! பல் வலி வரக் கூடாது, ஊருக்கு வரக் கூடாது. ஆகஸ்டில் போய் இறங்கியதும் அங்கே வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும். முதல் உதவித்தொகையோ பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில்தான் கைக்கு வரும். உதவித்தொகைக்காகப் பாடம் நடத்த உதவும் டீச்சிங் அசிஸ்டன்ட் வேலையே வாரம் 20 மணி நேரம் என்றால், எஃப்-1 மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் மாதங்களில் அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூடக் கூடாது.

வீட்டுக் கடனில் மகன் தோள்கொடுக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் நீங்கள் வாக்குக் கொடுத்தது கடிதத்தைப் படிக்காமல். மூன்றாவது மாதம் பணம் வராதபோது வங்கிக்காரருக்குப் பதில் சொல்லப்போவது யார், நீங்களா, அம்மாவா? அப்பா சம்பளத்தில் இருக்கும்போதே வங்கிக்குப் போய், தவணைக் காலத்தை நீட்டி மாதத் தொகையைக் குறைக்க முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். ஓய்வு பெற்றபின் அந்தப் பேச்சு கடினம்.

இனி துறைக்கு வருவோம். பொருளாதாரத்தை விட்டுவிடுங்கள். முதலாண்டு மைக்ரோ, மேக்ரோ, எகனாமெட்ரிக்ஸ் பாடங்களை முடித்து அந்தக் கோடையிலேயே தகுதித் தேர்வு, சம்பாதிக்க நேரமிருக்காது. அதன் அரசாங்கப் பாடக் குறியீடு 45.0603 (எகனாமெட்ரிக்ஸ்) இல்லாமல் 45.0601 (பொதுப் பொருளாதாரம்) என்றிருந்தால், இப்போதைய விதிப்படி படிப்புக்குப்பின் வேலை அனுமதி 12 மாதம்தான். மற்ற இரண்டு துறைகளுக்கும் அந்த 12-க்கு மேலே இன்னும் 24 மாதம் கிடைக்கும். அதைவிட, நீங்கள் எனக்கு எழுதியதில் பொருளாதாரக் கேள்வி ஒன்றுகூட இல்லை. ஆறு வருஷம் எதைத் தேடுவீர்கள்?

ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சில் பணம் பெரும்பாலும் ஒரே பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து வரும். அது இன்னும் எத்தனை ஆண்டு இருக்கும், அவர் வேறு பல்கலைக்கழகம் போனால் துறை பொறுப்பேற்குமா என்று எழுத்தில் கேளுங்கள். புள்ளியியல் துறையிடம் கேட்க வேண்டியவை: கோடை உதவி உறுதியா, கடந்த இரண்டு ஆண்டில் தகுதித் தேர்வில் எத்தனை பேர் தேறாமல் நின்றுபோனார்கள். ஓராண்டு முடிந்தபின், படிப்போடு சேர்ந்த வேலைப் பயிற்சிக்கான சிபிடி அனுமதியில் கோடைப் பயிற்சிக்குப் போகலாம். வீட்டுக்கு உருப்படியாகப் பணம் அனுப்ப அதுதான் வழி. கோடை உதவியை எழுத்தில் தந்தால் புள்ளியியலுக்கே போங்கள். மழுப்பினால் ஆபரேஷன்ஸ் ரிசர்ச், அதுவும் நிதி மூன்றாண்டாவது மிச்சமிருந்தால்.

இவ்வளவுக்கும் முன்னால் அம்மாவிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். பொருளாதாரத் துறைக்கு வேண்டாமென்று இன்றே எழுதுங்கள். அந்த இடத்துக்காகக் காத்திருப்புப் பட்டியலில் இன்னொரு வீட்டுப் பிள்ளை தூங்காமல் இருக்கிறது.